தோல் நகரில் பறை முழக்கம்

பூட்டுக்கும் தோலுக்கும் பேர்போன நம்ம திண்டுக்கல்லில், தோலால் ஆன பறைக்கும் ஒரு வரலாறு உண்டு.

ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்துச் சொல்கிறது தொல்காப்பியம். அப்பேர்ப்பட்ட கருவியைப் பிற்காலத்தில் சாவு வீட்டோடும் தீண்டாமையோடும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அதை அடித்ததும் ஆண்கள்தான்.

1990-ல் கன்னியாஸ்திரீயான சகோதரி சந்திரா இங்கே சக்தி கலைக்குழுவைத் தொடங்கினார். படிப்பைப் பாதியில் விட்ட தலித் இளம்பெண்கள் தையலோடு பறையும் கற்று மேடையேறினார்கள். இழிவு என்று ஒதுக்கிய கருவியே அவர்களுக்குப் பெருமையானது.

இது எப்படி நடந்தது? தீயில் காட்டினால்தான் பறைத்தோல் முறுக்கேறி நாதம் தரும். ஆனால் ஒரு பறை மட்டும் முறுக்கேறிப் பயனில்லை. அடவு வைத்து ஆடிக்கொண்டே அடிக்கும்போது பக்கத்துப் பெண்ணின் அடியைக் காதில் வாங்காவிட்டால் மொத்தமும் குலைந்துவிடும். நிமிர்ந்து நிற்கவும் அடுத்தவரைக் கவனிக்கவும் ஒரே நேரத்தில் பழக்கியது பறை.

நாம் ஹாஸ்டலில் வாளியைக் கவிழ்த்துத் தாளம் போட்டது ஞாபகம் இருக்கா? ஊர், சாதி கேட்காமல் சிநேகமானோமே! ஆனால் கல்லூரி விழாவில் பறைக்கு இடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. தம்பி, தங்கைகளே, நீங்களாவது கேளுங்கள்.