நன்னீர் மீன்களில் இரைப்பையும் குடல் நீளமும்: ஒரு மறுபரிசீலனை

தாவரம் உண்ணும் மீனுக்குக் குடல் நீளம், ஊன் உண்ணும் மீனுக்குக் குட்டை என்பது விலங்கியல் பாடநூல்களில் ஊறிப்போன விதி. விராலையும் ரோகுவையும் அருகருகே அறுத்துப் பார்ப்பவருக்கு அது சரியென்றே தோன்றும். ஆனால் அவ்விதி குடலின் நீளத்துக்கு மட்டுமே பொருந்தும். ஒரு மீனுக்கு இரைப்பை உண்டா இல்லையா என்பதை உணவு தீர்மானிப்பதில்லை. அது குலவழி வந்த சொத்து. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் கெண்டைத் தீவனம் வரை பிழை நேர்கிறது.

விராலின் வயிற்றைத் திறந்தால் தடித்த சுவருள்ள இரைப்பை முதலில் கண்ணில் படும். விழுங்கிய மீனோ தவளையோ முழுதாகத் தங்குமாறு அதன் உள்மடிப்புகள் விரிந்து கொடுக்கும். இரைப்பை முடியும் இடத்தில் விரல் போன்ற இரண்டு குருட்டுப்பைகள் இருக்கும். அடுத்துள்ள குடல் உடல் நீளத்தைத் தாண்டுவதில்லை.

கெண்டை வகையான ரோகுவில் உணவுக்குழல் நேரே குடலில் போய்ச் சேருகிறது. சற்றே உப்பியுள்ள முன்குடலை இரைப்பை என்று மாணவர் பலர் படத்தில் குறித்துவிடுகின்றனர். அங்கே அமிலச் சுரப்பியும் இல்லை, பெப்சினும் இல்லை. புரதச் செரிமானம் முழுக்கக் காரச் சூழலில் டிரிப்சின் போன்ற நொதிகளால் நடக்கிறது. கணையமும் தனி உறுப்பாகக் கிடைக்காது. கல்லீரலுக்குள்ளும் குடல் சுருள்களுக்கு இடையிலும் சிதறியிருக்கும். தாடையில் பல் இல்லாத குறையைத் தொண்டையிலுள்ள மூன்று வரிசைப் பற்கள் ஈடுசெய்கின்றன.

தாவர உணவுக்கு மாறியதால்தான் ரோகு இரைப்பையை இழந்தது என்று சிலர் எழுதுவதுண்டு. ஆனால் கெண்டைக்கு நெருங்கிய உறவான வரிக்குதிரை மீன் பூச்சிகளையும் நுண்விலங்குகளையும் தின்கிறது. அதற்கும் இரைப்பை இல்லை. பெப்சினுக்கும் அமிலச் சுரப்புக்கும் உரிய மரபணுக்களே அதன் மரபணுத் தொகுதியில் காணப்படவில்லை. மறுபுறம், பாசி தின்னும் திலேப்பியாவின் இரைப்பை அமிலத்தின் பி.எச். 2-க்கும் கீழே இறங்குகிறது. நீலப்பச்சைப் பாசியின் செல்சுவர் அந்த அமிலத்தில்தான் உடைகிறது. மூதாதையில் தொலைந்த இரைப்பை வழித்தோன்றல்களுக்கு, அவை எதைத் தின்றாலும், திரும்பக் கிடைக்கவில்லை.

குடல் நீளமோ ஒரே ஆயுளுக்குள் மாறிவிடுகிறது. விலங்கு மிதவைகளைத் தின்னும் ரோகுக் குஞ்சுக்குக் குடல் குட்டை. வளர்ந்து தாவர உணவுக்குத் திரும்பும்போது அது உடல் நீளத்தின் பல மடங்காகச் சுருண்டு வளர்கிறது.

இரைப்பை உண்டா இல்லையா என்ற வேறுபாட்டின் நடைமுறை விளைவு பாஸ்பரஸில் தெரிகிறது. 1979-இல் ஜப்பானில் வெளியான ஆய்வின்படி, மோனோகால்சியம் பாஸ்பேட்டிலுள்ள பாஸ்பரஸை இரைப்பையற்ற சாதாக்கெண்டையும் இரைப்பையுள்ள டிரவுட்டும் ஒரே அளவில், 94 விழுக்காடு, ஈர்த்தன. டிரைகால்சியம் பாஸ்பேட்டில் டிரவுட் 64 விழுக்காட்டைப் பெற்றது. கெண்டை பெற்றது 13 மட்டுமே. இரைப்பை அமிலம் இல்லாததால், மீன்தூளில் உள்ள எலும்பும் கெண்டைக்கு இதேபோல் சரியாகக் கரைவதில்லை. கரையாத பாஸ்பரஸ் கழிவோடு குளத்தில் சேர்கிறது. எனவே கெண்டைக் குளத்தில் பாசி மண்டினால், தண்ணீர் மாற்றவில்லை என்று பண்ணையாளரைக் குறைசொல்லும்முன், தீவனத்தில் எந்தப் பாஸ்பேட் கலந்திருக்கிறது என்று கேட்பதே முறை.