வீணைக் கொடியோன்: சிறுவர் படக்கதைகளில் விடுபட்ட இராவணன்

இராமாயணத்தின் எதிர்நாயகனான இராவணன், தமிழ் மரபில் இசை வல்லவனாகவும் அறியப்படுகிறான். அவனது கொடியில் இருப்பது வீணை என்கிறது கம்பராமாயணம். ஆனால் சிறுவர்க்கான இராமாயணப் படக்கதைகளில் பத்துத் தலைகளுக்கும் முறுக்கு மீசைக்கும் கிடைக்கும் இடம் வீணைக்குக் கிடைப்பது அரிது.

இசைஞனான கதை

வால்மீகி இராமாயணத்தின் உத்தர காண்டத்தில் இராவணன் கயிலை மலையைப் பெயர்க்க முயல்கிறான். சிவன் கால் விரலால் மலையை அழுத்த, அவன் கைகள் அடியில் சிக்கிக்கொள்கின்றன. சாமகானம் பாடிப் போற்றிய பிறகே விடுதலையும் சந்திரகாசம் என்னும் வாளும் கிடைக்கின்றன. தன் தலை ஒன்றையும் கை நரம்புகளையும் கொண்டே வீணை செய்து வாசித்தான் என்பது பிற்கால மரபு.

7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் தம் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாடலில் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிட்டார். எல்லோராவின் கயிலாசநாதர் கோயிலில் இது சிற்பமாக உள்ளது. சிவாலயத் திருவிழாக்களில் வரும் கைலாச வாகனத்தில் மலையைத் தாங்கி நிற்பவனும் இவனே. தேங்காய் ஓட்டில் செய்து வில்லால் வாசிக்கப்படும் இராஜஸ்தானிய நரம்புக் கருவிக்கு 'இராவணகத்தா' என்று பெயர். 1958இல் வெளியான 'சம்பூர்ண இராமாயணம்' திரைப்படத்தில் டி. கே. பகவதி நடித்த இராவணன், எந்த வேளைக்கு எந்த ராகம் என்று அவையில் பாடிக் காட்டுகிறான். அவனுக்குக் குரல் கொடுத்தவர் சி. எஸ். ஜெயராமன்.

இராமன் தேடிய பரிகாரம்

இராமேசுவரத்தின் தலவரலாறு இராவணனின் மரணத்தில் தொடங்குகிறது. விச்சிரவசு முனிவரின் மகனைக் கொன்றதால் வந்த பிரம்மகத்தி தோசம் நீங்க, இராமன் இங்கே சிவலிங்கத்தை வழிபட்டான் என்பர். இதோடு முடியவில்லை. மாவீரனைக் கொன்ற வீரகத்தி வேதாரணியத்திலும், சாயாகத்தி கும்பகோணம் அருகேயுள்ள பட்டீசுவரத்திலும் நீங்கின என்பது மரபு. சாயை என்பது ஒருவரின் சிறப்பால் வரும் ஒளி. இராவணனுக்கு அந்த ஒளியைத் தந்தவற்றுள் வீணைப் புலமையும் ஒன்று. அதாவது, ஓர் இசைஞனைக் கொன்றதற்கும் இராமன் பரிகாரம் தேடியதாக நம் முன்னோர் கருதினர்.

விடுபட்ட காரணம்

சிறுவர் பதிப்புகள் பெரும்பாலும் பட்டாபிசேகத்தோடு முடிகின்றன. கயிலை நிகழ்ச்சியோ அதற்குப் பின் வரும் உத்தர காண்டத்தில் உள்ளது. எஞ்சிய பகுதியில் சீதையைக் கவர்ந்தவனாகவும் போரில் மடிபவனாகவும் மட்டுமே இராவணன் தெரிகிறான். சில பக்கங்களுக்குள் கதையைச் சுருக்கும்போது, தீயவனின் திறமை தேவையற்றதாகத் தோன்றுவதும் இயல்பே.

ஓசையைப் படத்தில் காட்ட முடியாது என்பது சரியான காரணமாகாது. அமெரிக்காவில் ரேச்சல் இசடோரா வரைந்து எழுதிய 'பென்ஸ் டிரம்பெட்' (1979) என்ற படநூலில், கையில் கருவியே இல்லாத சிறுவன் ஒருவன் ஜாஸ் இசைஞர்களைக் கேட்டு, வெறும் கையால் ஊதுகிறான். கறுப்பு வெள்ளைக் கோடுகளின் வளைவிலும் நெளிவிலும் அந்த இசை பக்கமெங்கும் பரவுகிறது. சிறந்த படநூல்களுக்கான கால்டிகாட் சிறப்பு விருதையும் அந்நூல் பெற்றது.

இராவணனின் வீணையையும் அவ்வாறு வரையலாம். அதனால் அவன் செய்த குற்றம் குறைந்துவிடாது. இத்தனை கற்றவனும் இந்தத் தவற்றைச் செய்தான் என்பது, பத்துத் தலை அரக்கன் செய்தான் என்பதைவிடக் குழந்தையை அதிகம் சிந்திக்க வைக்கும். வென்ற பிறகும் இராமன் ஏன் இராமேசுவரத்தில் வழிபட நின்றான் என்பதும் அப்போது புரியும்.