வில்லியம்சன் ஆம்ப்ளிஃபயர்: ஒரு சுற்றுப்படத்தின் வரலாறு

வீட்டில் இசை கேட்பதற்கான ஆம்ப்ளிஃபயரின் வரலாற்றில் 1947ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு ஏப்ரல், மே மாதங்களில் லண்டனின் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் டி. டி. என். வில்லியம்சன் என்ற இளம் பொறியாளர், 15 வாட் ஆற்றலுடைய ஓர் ஆம்ப்ளிஃபயரின் சுற்றுப்படத்தை, அதன் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றும் விவரம் வரை எதையும் மறைக்காமல் வெளியிட்டார்.

அவர் தீர்க்க முயன்ற சிக்கல், அன்றைய ஆம்ப்ளிஃபயர்களில் மின்குறிப்பைப் பெருக்கிய வெற்றிடக் குழாயான வால்வின் இயல்பிலேயே இருந்தது. இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் நலிந்த மின்குறிப்பை ஏற்று, ஒலிப்பதிவின்போது மாற்றப்பட்ட தாழ், உயர் சுருதிகளின் அளவைச் சரிசெய்து தருவது முன்பெருக்கி. ஸ்பீக்கரை அசைக்கும் ஆற்றலை அதற்கு ஊட்டுவது திறன்பெருக்கி. திறன்பெருக்கியின் கடைசி வால்வுகள் உயர் மின்னழுத்தத்தில் சிறிதளவு மின்னோட்டத்தையே தரவல்லவை; சில ஓம் மின்தடையே உள்ள ஸ்பீக்கருக்கோ குறைந்த மின்னழுத்தமும் மிகுந்த மின்னோட்டமும் வேண்டும். இவ்விரண்டையும் பொருத்துவது வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர். முதன்மைச் சுருளில் சுற்றுகள் குறைந்தால் தாழ்சுருதி நலியும். சுற்றுகளைக் கூட்டினால் இரு சுருள்களுக்கும் இடையே காந்தப்புலம் கசிந்து உயர்சுருதி மங்கும். அக்காலத்து மலிவான ரேடியோக்களின் ஒலி மந்தமாக இருந்ததற்கு இந்த உறுப்பே பெரும்பங்கு காரணம் எனலாம்.

உருக்குலைவு, அதாவது மூல இசையில் இல்லாத அதிர்வுகளை ஆம்ப்ளிஃபயர் தானாகச் சேர்ப்பது, இன்னொரு குறை. இதற்கான மருந்தை பெல் ஆய்வகத்தின் ஹெரால்டு பிளாக் 1927 ஆகஸ்டிலேயே கண்டிருந்தார். நெடுந்தொலைவுத் தொலைபேசிக்காக அவர் வகுத்த எதிர்ப் பின்னூட்டத்தில், வெளியீட்டின் ஒரு பகுதி தலைகீழாக்கப்பட்டு உள்ளீட்டிற்கே திருப்பி அனுப்பப்படுகிறது. அதனால் பெருக்கம் குறைந்தாலும் பிழையும் உடன் குறைகிறது. ஆனால் டிரான்ஸ்ஃபார்மரையும் உள்ளடக்கி இந்த வளையத்தை அமைத்தால், அது சில அதிர்வெண்களில் ஏற்படுத்தும் தாமதம் எதிர்ப் பின்னூட்டத்தை நேர்ப் பின்னூட்டமாக்கி, கருவியைத் தானே ஊளையிடச் செய்துவிடும்.

வில்லியம்சனின் அருமை இங்கேதான் வெளிப்படுகிறது. முதன்மைச் சுருளையும் துணைச் சுருளையும் பல பகுதிகளாகப் பிரித்து ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிச் சுற்றும்படி வகுத்து, கசிவை மிகக் குறைத்தார்; அதன் பயனாக, துணைச் சுருளிலிருந்து முதல் வால்வின் கேத்தோடுவரை 20 டெசிபல் பின்னூட்டம், அதாவது உருக்குலைவை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாக்கும் அளவு, இயன்றது. கடைசிக் கட்டத்தில் இரண்டு கேடி66 வால்வுகள், திரைக் கிரிட் என்னும் உள்முனை தகட்டுடன் இணைக்கப்பட்டு, டிரையோடுகளாக, அதாவது மூன்று முனை வால்வுகளாக, இயங்கின. ஒன்றில் மின்னோட்டம் கூடும்போது மற்றதில் குறையும் ‘புஷ்-புல்’ அமைப்பில், ஓசை இல்லாத வேளையிலும் இரண்டிலும் மின்னோட்டம் பாயும் ‘கிளாஸ் ஏ’ முறை கையாளப்பட்டது. முழு ஆற்றலிலும் உருக்குலைவு 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு. இதே அளவை 1945இலேயே ஹெரால்டு லீக் தம் நிறுவனத்தின் ‘பாயிண்ட் ஒன்’ ஆம்ப்ளிஃபயருக்குக் குறிப்பிட்டிருந்தார் என்பதை மறக்கலாகாது. ஆயினும் லீக் விற்றது முடிந்த பொருள், வில்லியம்சன் தந்தது செய்முறை.

ஆர்வலர்கள் உலோகத் தகட்டில் துளையிட்டு, பற்றாசு வைத்து, வீட்டிலேயே அதைக் கட்டினர்; பார்ட்ரிட்ஜ் போன்ற நிறுவனங்கள் அவருடைய கணக்குப்படி சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர்களை விற்றன. அமெரிக்காவில் ஹாஃப்லரும் கெரோஸும், முதன்மைச் சுருளின் இடைப்புள்ளியில் திரைக் கிரிட்டை இணைக்கும் ‘அல்ட்ரா-லீனியர்’ முறையை 1951இல் முன்வைத்து, விரைவிலேயே அதை வில்லியம்சன் சுற்றுக்கும் பொருத்தினர். புதிதாக வந்த நீண்டநேர இசைத்தட்டுகள் இவற்றுக்கெல்லாம் தகுந்த தீனியாயின. 1953இல் பீட்டர் வாக்கர் வெளியிட்ட குவாட் 2 ஆம்ப்ளிஃபயர், டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு சுருளைக் கேத்தோடுகளுடன் இணைத்து வேறொரு வழியில் சென்றது. பின்னாளில் வாக்கரும் வில்லியம்சனும் சேர்ந்தே மின்னிலை ஸ்பீக்கரை உருவாக்கினர்.

பின்னர் வால்வின் இடத்தைப் பிடித்த, குறைந்த மின்னழுத்தத்தில் மிகுந்த மின்னோட்டம் தரும் டிரான்சிஸ்டருக்கு வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரே தேவைப்படவில்லை. ஆனால் தொடக்கக்கால டிரான்சிஸ்டர் கருவிகள் பலவற்றில், வேலை ஒரு டிரான்சிஸ்டரிலிருந்து மற்றதற்குக் கைமாறும் கணத்தில் எழுந்த உருக்குலைவு மெல்லிய ஒலியில் காதை உறுத்தியது. ஜான் லின்ஸ்லி ஹுட் இதைத் தவிர்க்க கிளாஸ் ஏ முறைக்கே திரும்பி, நான்கே டிரான்சிஸ்டர்களைக் கொண்ட 10 வாட் சுற்று ஒன்றை 1969 ஏப்ரலில் அதே ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வெளியிட்டார். அதன் தரத்தை ஒப்பிட்டுப் பார்க்க அவர் அளவுகோலாகக் கொண்டது வில்லியம்சனின் வால்வு ஆம்ப்ளிஃபயரை.