யார் தந்த இசைவு?

வாடகைக்குக் குடியிருப்பவன், வீட்டை உள்வாடகைக்கு விட வேண்டுமானால் உரிமையாளரின் இசைவைப் பெற வேண்டும். பெறாவிட்டால் வழக்கு, வாய்தா, வெளியேற்றம்! நாலு சுவருக்கு இத்துணைக் கண்டிப்புக் காட்டும் சட்டம், நானிலம் போற்றும் நீலமலை கைமாறியபோது யாருடைய இசைவைக் கேட்டது?

1819-இல் கோவை மாவட்டக் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். 1822-இல் உதகையில் கல் பங்களாவுக்குக் கடைகால் இடப்பட்டது. இன்று அவ்விடத்தில் அரசு கலைக் கல்லூரி நிற்கிறது. அன்று அது தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி. சிறு தொகை கொடுத்துத் தோடர்களிடமிருந்து சல்லிவன் நிலம் பெற்றார். வாங்கியவரோ மாவட்டத்தையே ஆளும் கலெக்டர். கொடுத்தவர்களோ எழுத்தில்லா மொழி பேசியவர்கள், நிலத்தைக் குலத்தின் பொதுவுடைமையாகக் கொண்டவர்கள். அதிகாரம் வாசலில் வந்து நின்று, "தருகிறாயா?" என்று கேட்கும்போது, "தரமாட்டேன்" என்று சொல்ல எளியவனுக்கு இடமுண்டா? மறுக்க முடியாதவன் தரும் ஒப்புதல் ஒப்புதலாகுமா?

பின்னர் வாதம் மூண்டது. மலை தோடர்க்கே உரியது என்றார் சல்லிவன். 1827 முதல் 1832 வரை சென்னைக் கவர்னராக இருந்த லஷிங்டன் அதனை ஏற்கவில்லை. படகர்கள் தோடர்களுக்கு அளித்துவந்த தானியப் பங்கு நிலவாடகையா, வெறும் கொடையா என்று ஏடுகள் நிரம்பின. சல்லிவன் வாதத்தில் நியாயம் இருந்தது, நலனும் இருந்தது. தோடர் உரிமையாளரானால்தானே அவர் பெற்ற நிலம் செல்லுபடியாகும்! பேச்சு தோடரைப் பற்றி. ஆனால் தோடரோடு அன்று.

உதகையில் பெயரளவுக்கேனும் கேட்டார்கள். கூடலூரிலோ அதுவும் இல்லை. மலபாரைச் சேர்ந்திருந்த அப்பகுதி 1877-இல் நீலகிரியோடு இணைந்தது. அங்கே நிலத்துக்கு அதிபதி ஜன்மி, நிலம்பூர் கோவிலகம். தோட்ட முதலாளி கோவிலகத்தைக் கேட்டான். கோவிலகம் குத்தகைக்குத் தந்தது. காடு அழிந்தது, தேயிலை எழுந்தது. அக்காட்டிலேயே பிறந்து, அக்காட்டையே நம்பி வாழ்ந்த காட்டுநாயக்கரை யார் கேட்டார்கள்? வயலோடு சேர்த்து ஆளையும் கைமாற்றிய அடிமை முறையில் உழன்ற பணியரை யார் கேட்டார்கள்? 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்கு இருந்த சட்டத் துணையை நீக்கிற்று. ஆனால் அடிமைக்கு ஒரு பிடி மண்ணைக்கூட அளிக்கவில்லை.

1969-இல் தமிழகச் சட்டமன்றம் கூடலூர் ஜன்ம ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. ஜன்மியும் தோட்டக்காரரும் நீதிமன்றம் ஏறினர். 1972-இல் உச்ச நீதிமன்றம், சட்டம் பொதுவில் செல்லும், காடுகளைப் பொறுத்தமட்டில் செல்லாது என்றது. 1974-இல் சட்டம் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் ஏறியது. அந்த அட்டவணையே கேள்விக்குள்ளாகி, 2007-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் புகழ்மிக்க தீர்ப்பு பிறந்தது. இந்தியாவின் பெருஞ்சட்ட வழக்குகளில் ஒன்றுக்கு வித்திட்டது கூடலூர் மண்! ஆயினும் ஜன்மி பேசினார், கம்பெனி பேசிற்று, அரசு பேசிற்று. மண்ணில் வாழ்ந்தவன் மட்டும் வழக்குக்கு வெளியே நின்றான்.

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இந்த மௌனத்தை முதன்முறை உடைத்தது. உரிமைக் கோரிக்கையைக் கிராம சபையே முதலில் ஆராய வேண்டும் என்றது. கோரிக்கை முடிவாகும்வரை வனவாசியை வெளியேற்றக் கூடாது என்றது. அதன் வலிமையை 2013-இல் ஒடிசாவின் நியம்கிரி மலை காட்டிற்று. உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பாக்சைட் சுரங்கத்துக்குப் பன்னிரண்டும் "வேண்டாம்" என்றன. சுரங்கம் நின்றது.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருந்தால்தான் வேண்டும் என்பதற்குப் பொருள் உண்டு. ஆகவே, இளைஞனே! நிலப்பத்திரம் ஒன்றைக் காணும்போது கையொப்பத்தை மட்டும் பார்த்து நின்றுவிடாதே. யாரைக் கேட்டார்கள் என்று பார். யாரைக் கேட்கவில்லை என்றும் பார். பத்திரம் உரிமையைச் சொல்லும்; அந்த இரண்டாவது கேள்விதான் நீதியைச் சொல்லும்.