சைக்கிளுக்கென ஒரு பாதை

முனிர்காவாழ் அன்பர்கள் வெளிவட்டச் சாலையில் கிழக்கே சென்றால், ஐ.ஐ.டி.யைக் கடந்து சிராக் தில்லிச் சந்திப்பை அடையலாம். ஒரு சோதனை நிகழ்ந்து முடிந்த இடம் அது. தில்லியில் சைக்கிளும் பேருந்தும் இடப்புற ஓரத்துக்கே போட்டியிடுவதை நாம் அறிவோம். அதைத் தீர்க்கவே, ஐ.ஐ.டி. அறிஞர்கள் வகுத்த முறையில், பேருந்துக்கு நடுத்தடமும் சைக்கிளுக்குத் தனிப்பாதையும் 2008இல் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் அமைந்தன.

ஆனால் மோட்டார் சைக்கிள்கள் (அவற்றுக்கு எந்தச் சந்துதான் அந்நியம்!) அப்பாதைக்குள்ளும் புகுந்தன. சைக்கிளில் செல்வோர் எங்கே ஒதுங்குவது? சாலையே மேல் எனத் துணிந்தவரை நாம் குறைகூறோம். குறை, பாதையைக் காவாதவரிடமே. தடத்தை எதிர்த்த வழக்கை 2012இல் தில்லி உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆயினும் 2016இல் நடுத்தடம் பெயர்க்கப்படலாயிற்று. கார்களுக்கு இடம் பெருகியது. பேருந்து மீண்டும் இடப்புறம், சைக்கிளின் அருகே வந்து சேர்ந்தது.