பத்து மில்லி ஆயில்: டூ ஸ்ட்ரோக் வண்டியின் அளவுக் கணக்கு

எங்க ஜெயங்கொண்டத்துப் பக்கம் ஒரு காலத்துல பெட்ரோல் பங்க்குல ரெண்டு கேள்வி கேட்பாங்க. ஒண்ணு, எவ்வளவு வேணும்? ரெண்டாவது, ஆயில் சேர்த்தா, சேர்க்காமயா? இன்னிக்கு வண்டி ஓட்டப் பழகுற பசங்களுக்கு அந்த ரெண்டாவது கேள்வியே புரியாது. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்துச்சு, எப்படிப் போச்சுங்கறதுதான் இந்த எபிசோட்.

முதல்ல இன்ஜின். இப்ப ஓடுற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில அடியில ஆயில் தேங்கி நிக்கும். அதே ஆயில் சுத்திச் சுத்தி வந்து பேரிங், பிஸ்டன் எல்லாத்தையும் நனைக்கும். டூ ஸ்ட்ரோக்ல அந்த இடத்துக்கு வேற வேலை இருக்கு. பிஸ்டனுக்குக் கீழ இருக்கிற கிராங்க் கேஸ் வழியாத்தான் பெட்ரோலும் காத்தும் வருது. பிஸ்டன் இறங்கும்போது அந்தக் கலவையை அழுத்தி மேலே சிலிண்டருக்குத் தள்ளுது. அங்க ஆயிலைத் தேக்க முடியாது. அதனால பெட்ரோலோடயே ஆயிலையும் அனுப்பணும். அது போற வழியெல்லாம் நனைச்சிட்டு, கடைசியில தானும் எரிஞ்சு வெளியே போயிடும்.

இந்த அமைப்புக்கு 1891-ல் காப்புரிமை வாங்கியவர் இங்கிலாந்தில் பாத் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் டே. அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே டூகல்ட் கிளர்க் ஒரு டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனா கலவையைத் தள்ள அதுல தனியா இன்னொரு சிலிண்டர் வேண்டியிருந்துச்சு. டே அந்த வேலையை கிராங்க் கேஸுக்கே கொடுத்துட்டார். அவர்கிட்ட வேலை செஞ்ச ஃபிரெடரிக் காக் அடுத்த வருஷமே அதை இன்னும் சுருக்கினார். வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது. எடையும் குறைவு, விலையும் குறைவு. ஆனா ஆயில் அளவு பார்க்குற வேலை மட்டும் ஓட்டுறவர் தலையில விழுந்துச்சு. எங்க சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, சிஸ்டம் பார்த்துக்க வேண்டிய செட்டிங்கை யூசர் கையில விட்டுட்டாங்க.

நம்ம பக்கம் அந்த யூசர் யாரு? 1980-ல் ஓசூர்லருந்து டிவிஎஸ் 50 வந்துச்சு. ரெண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட். பின்னாடி அதோட வாரிசா எக்ஸ்எல் வரிசை வண்டிகள். முந்திரிக்கொட்டை மூட்டை, பால் கேன், நெசவுக்காரங்க சேலைக் கட்டு, ஆட்டுத் தழை எல்லாம் அதுலதான் போச்சு. அதை ஓட்டினவங்க நிறைய பேர் டேங்க்கை நிரப்புறவங்க இல்ல. கையில இருக்கிற காசுக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர்னு போடுறவங்க.

இங்கதான் கணக்கு சிக்கலாகுது. ரெண்டு சதவீதம்னு வெச்சுக்குவோம். லிட்டருக்கு 20 மில்லி. அஞ்சு லிட்டர் போட்டா 100 மில்லி, ஒரு பாட்டில் வாங்கி ஊத்திடலாம். அரை லிட்டருக்கு 10 மில்லிதான். அதைக் கண்ணளவுல ஊத்தும்போது இன்னொரு 10 மில்லி தவறி விழுந்தாலே ரெண்டு சதவீதம் நாலாயிடும். குறைவாப் போட்டா பிஸ்டன் பிடிச்சுக்கும், சிலிண்டரை போர் போடணும், வண்டி நாலு நாள் பட்டறையில நிக்கும், அந்த நாலு நாளும் வருமானம் கிடையாது. அதிகமாப் போட்டா புகைதான் வரும், பிளக் அடைக்கும், சைலன்சர்ல கரி படியும். ரெண்டுல எது பரவாயில்லன்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. எல்லாரும் ஒரு சொட்டு கூடுதலாத்தான் ஊத்தினாங்க. அவங்க நிலைமையில அது சரியான முடிவு.

இதுக்குத் தொழில்நுட்பத் தீர்வு ஏற்கனவே இருந்துச்சு. 1964-லேயே யமஹா 'ஆட்டோலூப்' கொண்டு வந்துட்டாங்க. ஆயிலுக்குத் தனி டேங்க், ஆக்சிலேட்டர் முறுக்குற அளவுக்கு ஏத்த மாதிரி ஒரு பம்ப் ஆயிலை அனுப்பும். 1985-ல் இந்தியாவுக்கு வந்த ஆர்எக்ஸ் 100-ல அது இருந்துச்சு. விலை குறைவா இருக்கணும்னு செஞ்ச மொபெட்ல இல்ல. அதாவது கலக்குற வேலையிலருந்து முதல்ல தப்பிச்சவங்க, கொஞ்சம் காசு இருந்தவங்க.

இந்தக் கூடுதல் சொட்டு நாடு முழுக்கச் சேர்ந்தப்ப நகரங்கள் நீலப் புகையா ஆச்சு. தெற்காசியாவோட டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பத்தி 2000-ல் உலக வங்கி ஒரு அறிக்கை போட்டுச்சு. டிரைவர்கள் தேவைக்கு மேல ஆயில் ஊத்துறாங்க, அதுவும் டூ-டி ஆயிலுக்குப் பதிலா சாதா ஆயிலை ஊத்துறாங்கன்னு அதுல இருக்கு. அதுக்கு முன்னாடியே, 1998 ஜூலையில, எம்.சி. மேத்தா வழக்குல உச்ச நீதிமன்றம் டெல்லிக்கு ஒரு உத்தரவு போட்டுச்சு. அந்த வருஷக் கடைசிக்குள்ள உதிரியா டூ-டி ஆயில் விக்கிறதை நிறுத்தணும், பங்க்கிலேயே மிஷின் அளந்து கலந்து கொடுக்கணும். இதுல எனக்குப் பிடிச்சது, 'ஒழுங்கா அளந்து ஊத்துங்கப்பா'ன்னு யாருக்கும் அறிவுரை சொல்லல. அளக்குற வேலையையே ஆள் கையிலருந்து எடுத்துட்டாங்க.

ஆனா அளவு சரியானா மட்டும் டூ ஸ்ட்ரோக் சுத்தமாயிடாது. உள்ள வர்ற கலவையில ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடிடும். அது டேயோட டிசைன்லயே இருக்கிற குறை. மாசு விதிகள் இறுக இறுக அதைச் சமாளிக்க முடியல. 2015-ல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்துச்சு. 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 வந்தப்ப ஆயில் கலக்குற மொபெட்டோட கதை முடிஞ்சு போச்சு.

வண்டியில முடிஞ்சுது, காட்டுல முடியல. முந்திரியில தேயிலைக்கொசுவுக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர், மரம் அறுக்குற மிஷின், களை வெட்டுற மிஷின், இதுல நிறைய இன்னும் டூ ஸ்ட்ரோக்தான். 25-க்கு 1-னா லிட்டருக்கு 40 மில்லி, 40-க்கு 1-னா 25 மில்லி, 50-க்கு 1-னா 20 மில்லி. உங்க மிஷினுக்கு எதுன்னு கையேட்டைப் பாருங்க. ஊசி இல்லாத ஒரு சிரிஞ்ச் மருந்துக்கடையில சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதுல அளந்து, தனி கேன்ல கலக்கிக் குலுக்கி, அப்புறம் டேங்க்ல ஊத்துங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.