கயிறு கட்டிய நாற்காலி

பிறந்து சில நாட்களே ஆன குழந்தை. வாந்தி, மஞ்சள் காமாலை, ஈரல் வீக்கம், போகப்போகக் கண்ணில் புரை. கொடுத்ததோ தாய்ப்பால் மட்டும்தான். காலக்டோசீமியா என்ற இந்த நோயின் காரணத்தைத் தேடிப் போனால், பியூனஸ் அயர்ஸில் ஒரு சிறிய வீட்டுக்குப் போய்ச் சேருவோம். வேடிக்கை என்னவென்றால், அங்கே யாரும் இந்த நோயைத் தேடிக்கொண்டிருக்கவில்லை.

1943இல் அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி. ஜனநாயகம் வேண்டும் என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டதற்காக உடலியல் அறிஞர் பெர்னார்டோ உசேவின் பல்கலைக்கழக வேலை போனது. அவருடைய மாணவர் லூயிஸ் லெலுவாரும் வெளியேறி, அமெரிக்காவில் கோரி தம்பதியரின் ஆய்வகத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பினார். ஹைமே கம்போமார் என்ற துணி ஆலை முதலாளி பணம் தர, 1947இல் ஒரு சின்ன ஆய்வகம் தொடங்கியது. மழை பெய்தால் நூலகக் கூரை ஒழுகும். புத்தகங்கள் நனையாமலிருக்க லெலுவார் அட்டையில் தூம்பு செய்து மாட்டினார். அவர் உட்கார்ந்த நாற்காலி கயிற்றால் கட்டி நின்றது.

அங்கே கேட்ட கேள்வி சாதாரணமானது: ஈஸ்ட், பாலிலுள்ள காலக்டோஸை எப்படிக் குளுக்கோஸாக மாற்றுகிறது? இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு கரியணுவில் ஹைட்ராக்சில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான். ஆனால் நொதி மட்டும் போதவில்லை. கொதிக்க வைத்தாலும் கெடாத இன்னொரு பொருள் தேவைப்பட்டது. அதைப் பிரித்தெடுத்துப் பார்த்தால், புற ஊதா ஒளியை அது உறிஞ்சும் விதம் யூரிடினைப் போலவே இருந்தது. 1950இல் அடையாளம் தெரிந்தது: யூரிடின் டைபாஸ்பேட் குளுக்கோஸ். முதல் சர்க்கரை நியூக்ளியோடைடு.

எதுக்கு இது? தனிச் சர்க்கரை தானாக எதனோடும் சேராது. யூரிடின் டைபாஸ்பேட் அதற்கு ஒரு பிடி மாதிரி. அந்தப் பிடி விடுபடும்போது கிடைக்கும் ஆற்றலில்தான் சர்க்கரை அடுத்ததோடு ஒட்டிக்கொள்கிறது. கிளைகோஜனை உடைக்கும் நொதியே அதைக் கட்டவும் செய்கிறது என்றுதான் கோரி தம்பதியரின் ஆய்வுகளையொட்டி நம்பியிருந்தார்கள். 1957இல் லெலுவாரும் கார்டினியும் காட்டியது வேறு. ஏறும் படி வேறு, இறங்கும் படி வேறு. கட்டுவதற்கான குளுக்கோஸ் இந்தப் பிடியோடுதான் வருகிறது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1956இல், ஹெர்மன் கால்க்கரின் குழு காலக்டோசீமியாவின் மூலத்தைக் கண்டது. காலக்டோஸுக்கு இந்தப் பிடியை மாற்றிக் கொடுக்கும் நொதி அந்தக் குழந்தைகளிடம் இல்லை. பாதியில் நின்ற சர்க்கரை உள்ளே குவிகிறது. ஈஸ்டில் வரைந்த பாதை இல்லாவிட்டால், அடைப்பு எங்கே என்று யாரால் சொல்லியிருக்க முடியும்?

அதே 1956இல் கம்போமார் இறந்தார், பணம் நின்றது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களின் உதவியால் ஆய்வகம் பிழைத்தது. 1970இல் வேதியியல் நோபல் லெலுவார் ஒருவருக்கே கிடைத்தது.

ஏ, பி ரத்த வகைகளைப் பிரிக்கும் கடைசிச் சர்க்கரையை ஒட்டுவதும், நாம் விழுங்கும் பாராசிட்டமாலில் பெரும்பகுதியை வெளியேற்ற ஈரல் பயன்படுத்துவதும் இதே வகைப் பொருட்களைத்தான். இன்று பல நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்து அந்த நொதியைச் சோதிக்கிறார்கள். இல்லையென்றால் உடனே பாலை நிறுத்தி, லாக்டோஸ் இல்லாத உணவு தருகிறார்கள். குழந்தை பிழைத்துக்கொள்கிறது.